தரவு வகைகள்: எண் போலத் தோன்றுவதெல்லாம் எண்ணா?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் "தரவு வகைகள்" என்ற பகுதி வந்ததும் பலர் ஒரு பட்டியலை மனனம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றனர். முழுவெண், மெய்யெண், பூலியன், வரியுரு, சரம் என்ற ஐந்து பெயர்களையும் ஒப்புவித்தால் பகுதி முடிந்தது என்பது அவர்களது எண்ணம். ஆனால் "தொலைபேசி இலக்கத்துக்குப் பொருத்தமான தரவு வகை யாது? காரணம் தருக" என்று கேட்டால் அதே மாணவர்கள் "எண்" என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். பெயர் தெரியும், காரணம் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது.

முதலில் எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் கலைப்பட்டதாரி. கணினியைப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். கற்பிக்கத் தொடங்கிய முதலாவது ஆண்டில் என் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். புள்ளிகளைத் தரவுத்தள அட்டவணை ஒன்றில் பதிந்து, இறங்குவரிசைப்படுத்தி, பட்டியலை அச்சிட்டுக் கதவில் ஒட்டினேன். அவசரத்தில் பட்டியலை வாசித்துப் பார்க்கவில்லை. அதில் 5 மாணவர்களின் புள்ளிகள் இந்த ஒழுங்கில் இருந்தன:

98
9
75
64
100

நூற்றுக்கு நூறு பெற்ற பிள்ளை கடைசியில். ஒன்பது புள்ளி பெற்ற பிள்ளை இரண்டாமிடத்தில். பட்டியலின் அடியில் தன் சுட்டெண்ணைக் கண்ட மாணவி ஒன்றும் பேசாமல் நின்றாள். ஒன்பது பெற்றவனைச் சுற்றி மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குத்தான் அன்று கூடுதலாக வலித்திருக்கும். கணினி பழுதடையவில்லை. நான் கேட்டதைத்தான் அது சரியாகச் செய்தது. "புள்ளி" என்ற புலத்தின் தரவு வகையை "பாடம்", அதாவது எழுத்துகளைக் கொண்ட வகை, என்றே மாற்றாமல் விட்டிருந்தேன். அது ஒன்றுதான் பிழை.

அந்தப் பட்டியல் ஏன் அப்படி வந்தது என்பதை உங்களால் விளக்க முடிந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும் என்று பொருள். இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. தரவு வகை என்றால் என்ன?

தரவு வகை என்பது ஒரு பெறுமானத்தைக் கணினி எவ்வாறு நடத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறிவுறுத்தல் ஆகும். அது மூன்று விடயங்களைத் தீர்மானிக்கின்றது.

(அ) எந்தப் பெறுமானங்கள் அனுமதிக்கப்படும்? திகதிப் புலத்தில் பெப்ரவரி 30 ஐ இட முடியாது.

(ஆ) எந்தச் செய்கைகளைச் செய்யலாம்? எண்ணைப் பெருக்கலாம். பெயரைப் பெருக்க முடியாது.

(இ) எவ்வாறு ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது? எண்கள் அளவின்படி ஒப்பிடப்படும். சரங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியுருவாக ஒப்பிடப்படும்.

மூன்றாவது விடயத்தில்தான் நான் சறுக்கினேன். அகராதியில் சொற்களைத் தேடுவது உங்களுக்குத் தெரியும். முதலெழுத்தைப் பார்த்து, அது ஒன்றாயின் இரண்டாம் எழுத்தைப் பார்ப்போம். சொல்லின் நீளம் முக்கியமல்ல. சரங்களையும் கணினி அவ்வாறே பார்க்கின்றது. "100" என்பதன் முதல் வரியுரு 1. "64" இன் முதல் வரியுரு 6. ஒன்று ஆறுக்கு முன்னர் வருவதால் "100" சிறியது. "98", "9" ஆகிய இரண்டும் 9 இல் தொடங்குகின்றன. "9" அத்துடன் முடிந்துவிடுவதால் அது "98" இலும் சிறியது. எனவே இறங்குவரிசை 98, 9, 75, 64, 100 ஆகும். பட்டியலின் மர்மம் இவ்வளவுதான்.

2. எக்ஸ்எம்எல் கோப்பும் அதன் வினவல் மொழியும்

தரவு வகைகளைத் தெளிவாக விளங்கிக்கொள்ள எக்ஸ்எம்எல் ஒரு நல்ல உதாரணம். எச்ரிஎம்எல் மொழியில் பக்கம் அமைக்கும்போது ஒட்டுகளைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அங்கே ஒட்டுகளின் பெயர்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. எக்ஸ்எம்எல்லில் ஒட்டுகளின் பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம், தமிழிலும் வைக்கலாம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இதனைப் பரிந்துரையாக வெளியிட்டது. பின்வரும் உதாரணத்தை அவதானிக்க.

<மாணவர்>
<சுட்டெண்>0427</சுட்டெண்>
<பிறந்ததிகதி>2009-03-14</பிறந்ததிகதி>
<புள்ளி>98</புள்ளி>
<கட்டணம்>1250.50</கட்டணம்>
</மாணவர்>

இவ்வாறான கோப்பு ஒன்றில் 200 மாணவர்களின் விபரங்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றுள் தேவையானவற்றை மாத்திரம் தெரிந்து, கணித்து, வரிசைப்படுத்தித் தருவதற்கு எக்ஸ்குவெரி என்னும் வினவல் மொழி உண்டு. அதன் முதலாவது பதிப்பு 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் அதே கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அட்டவணைகளுக்கு எஸ்கியூஎல் எப்படியோ, எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கு எக்ஸ்குவெரி அப்படி.

எக்ஸ்குவெரி மொழியை நீங்கள் பரீட்சைக்கு எழுதப் பழக வேண்டியதில்லை. ஆனால் அதன் அடிப்படைத் தரவு வகைகள் நீங்கள் தரவுத்தளத்திலும் பஸ்காலிலும் படிக்கும் அதே வகைகள்தான். மூன்று இடங்களிலும் ஒரே கருத்து வருவதைக் கண்டால் மனனம் செய்ய வேண்டிய தேவை குறையும்.

மேலேயுள்ள கோப்பை மீண்டும் பாருங்கள். 98 என்பது எண்ணா, எழுத்தா? கோப்பில் அதைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. கோப்பைப் பொறுத்தவரை அது 9 என்ற வரியுருவும் 8 என்ற வரியுருவும் மாத்திரமே. அதற்கு வகையைக் கொடுப்பது நாம். இதனை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அடிப்படைத் தரவு வகைகள்

எக்ஸ்குவெரியின் அடிப்படை வகைகள் 2001 இல் வெளியான எக்ஸ்எம்எல் திட்ட வரையறையிலிருந்து பெறப்பட்டவை. அவற்றுள் நமக்குத் தேவையானவை ஆறு.

3.1 சரம்

எக்ஸ்குவெரியில் இதன் பெயர் ஸ்ரிங். பஸ்காலிலும் அதே பெயர். தரவுத்தளத்தில் "பாடம்" எனப்படும். பெயர், முகவரி, சுட்டெண் போன்றவற்றுக்கு உகந்தது. எழுத்து, இலக்கம், இடைவெளி, குறியீடு ஆகிய எதுவும் இதில் இருக்கலாம். மேற்கோட் குறிகளுக்குள் எழுதப்படும் எதுவும் சரமே. எனவே "98" என மேற்கோளுக்குள் எழுதினால் அது எண் அல்ல. எக்ஸ்குவெரியில் "98" என்ற சரத்துடன் 2 ஐக் கூட்ட முயன்றால் வகை வழு ஏற்படும், 100 கிடைக்காது.

பஸ்காலில் ஒரேயொரு வரியுருவைக் கொள்ளும் "சார்" என்ற வகை தனியாக உண்டு. எக்ஸ்குவெரியில் அவ்வாறு தனி வகை இல்லை. ஒரு வரியுருவும் சரமாகவே கொள்ளப்படும்.

3.2 முழுவெண்

இதன் பெயர் இன்ரீஜர். தசமப் புள்ளி இல்லாத எண்கள் இதற்குரியவை. மாணவர் தொகை, பக்க எண்ணிக்கை, மொத்தப் புள்ளி என்பன உதாரணங்கள்.

முழுவெண்ணுக்கு எல்லை உண்டா என்பது கேட்கப்படக்கூடிய வினா. டர்போ பஸ்காலில் இன்ரீஜர் வகை 16 பிட்டுகளில் சேமிக்கப்படுகின்றது. எனவே அதன் வீச்சு -32768 தொடக்கம் 32767 வரையாகும். இரண்டு இன்ரீஜர் மாறிகளில் 20000, 20000 ஆகியவற்றை இட்டு, கூட்டுத்தொகையை மூன்றாவது இன்ரீஜர் மாறியில் இட்டால் 40000 கிடைக்காது. வழுச் சோதனை இயக்கப்படாதிருப்பின் 40000 - 65536 = -25536 என்ற பெறுமானமே தோன்றும். இரண்டு நேர் எண்களின் கூட்டுத்தொகை மறையாக வருவது வழிதல் எனப்படும். எக்ஸ்குவெரியின் இன்ரீஜர் வகைக்கு வரையறைப்படி இவ்வாறான எல்லை இல்லை. 16 பிட், 32 பிட், 64 பிட் என எல்லையுள்ள முழுவெண் வகைகள் வேறு பெயர்களில் தனியாக உண்டு.

3.3 தசமம்

இதன் பெயர் டெசிமல். 1250.50 போன்ற எண்களைத் துல்லியமாக வைத்திருப்பது. எக்ஸ்குவெரியில் முழுவெண் வகையானது இந்தத் தசம வகையிலிருந்து பெறப்பட்ட ஓர் உபவகையாகும். பணத்துக்கு எப்போதும் இந்த வகையே பொருத்தம். தரவுத்தளத்தில் "நாணயம்" என்ற புல வகை இதே வேலையைச் செய்கின்றது.

3.4 இரட்டை மிதவைப் புள்ளி எண்

இதன் பெயர் டபிள். பஸ்காலின் மெய்யெண் வகையைப் போன்றது. மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களை 64 பிட்டுகளில் அண்ணளவாக வைத்திருக்கும். அறிவியல் அளவீடுகளுக்கு ஏற்றது.

"அண்ணளவாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என முடிவின்றிப் போகும். அதுபோலப் பத்தில் ஒன்றைத் துவிதத்தில் எழுதினாலும் முடிவின்றிப் போகும். எங்கேயோ வெட்ட வேண்டியுள்ளது. ஆகவே டபிள் வகையில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 கிடைக்கும். டெசிமல் வகையில் சரியாக 0.3 கிடைக்கும். ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களில் இச்சிறு வித்தியாசம் சேர்ந்துகொண்டே போனால் கணக்கு ஒத்துவராது. பணத்துக்கு டபிள் கூடாது என்பதன் காரணம் இதுவே.

கவனிக்க: எக்ஸ்குவெரியில் எண்ணை எழுதும் முறையே வகையைத் தீர்மானிக்கும். 5 என எழுதினால் முழுவெண். 5.0 என எழுதினால் தசமம். பத்தின் அடுக்கைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து எழுதினால் டபிள். "5" என மேற்கோளுக்குள் எழுதினால் சரம்.

3.5 பூலியன்

உண்மை, பொய் ஆகிய இரண்டு பெறுமானங்கள் மாத்திரம் கொண்டது. தரவுத்தளத்தில் "ஆம்/இல்லை" எனப்படும். கட்டணம் செலுத்தப்பட்டதா, பரீட்சைக்குத் தோற்றினாரா போன்ற வினாக்களுக்கு உகந்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. "பொய்" என்று பொருள்படும் சொல்லைச் சரமாக வைத்துக்கொண்டு அதையே நிபந்தனையாகக் கொடுத்தால் எக்ஸ்குவெரி அதனை உண்மை எனக் கொள்ளும். ஏனெனில் வெறுமையல்லாத சரம் எதுவாயினும் நிபந்தனையில் உண்மையாகவே கருதப்படும். மொழி அச்சொல்லின் பொருளை வாசிப்பதில்லை. அதன் வகையையே பார்க்கின்றது. எனவே முதலில் பூலியன் வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

3.6 திகதி

இதன் பெயர் டேற். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2009-03-14 என எழுதப்படும். 2009-02-30 எனக் கொடுத்தால் அப்படி ஒரு நாள் இல்லை என்பதால் வழு ஏற்படும். ஒரு திகதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இடையிலுள்ள கால அளவு கிடைக்கும். பஸ்காலின் அடிப்படை வகைகளில் திகதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

திகதியைச் சரமாக வைத்தால் என்ன நடக்கும்? நாம் வழக்கமாக எழுதும் முறைப்படி "02/11/2010", "31/01/2009" என இரண்டு சரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவரிசையில் "02/11/2010" முதலில் வரும், ஏனெனில் 0 ஆனது 3 க்கு முந்தியது. ஆனால் உண்மையில் 2009 தானே முந்தியது? ஆண்டை முதலில் எழுதும் முறையில் இந்தச் சிக்கல் தோன்றாது. அம்முறை தெரிவுசெய்யப்பட்டதன் ஒரு பயன் இது.

4. வகை குறிப்பிடாவிட்டால் என்ன நடக்கும்?

கட்டுரையின் முக்கியமான பகுதி இது. எக்ஸ்எம்எல் கோப்புக்குத் திட்டம் எதுவும் இணைக்கப்படாவிட்டால் அதிலுள்ள பெறுமானங்களை எக்ஸ்குவெரி "வகையற்றவை" எனக் கொள்ளும். பின்னர் அவற்றைப் பயன்படுத்தும் இடத்தைப் பார்த்து வகையை ஊகிக்கும். அந்த ஊகம் இடத்துக்கு இடம் மாறுபடும்.

(அ) கணிதச் செய்கையில்: எண்ணாக, அதாவது டபிள் வகையாக, மாற்றப்படும். கோப்பிலுள்ள 98 உடன் 2 ஐக் கூட்டினால் 100 கிடைக்கும்.

(ஆ) எண்ணுடன் ஒப்பிடும்போது: எண்ணாக மாற்றப்படும். புள்ளி 75 இலும் பெரிதா எனக் கேட்டால் 9 பெற்றவர் தெரிவாகமாட்டார்.

(இ) சரத்துடன் ஒப்பிடும்போது: சரமாகக் கொள்ளப்படும். 75 ஐ மேற்கோளுக்குள் எழுதி அதே வினாவைக் கேட்டால் 9 பெற்றவரும் தெரிவாகிவிடுவார்.

(ஈ) வகையற்ற இரண்டை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது: இரண்டும் சரமாகக் கொள்ளப்படும்.

(உ) வரிசைப்படுத்தும்போது: சரமாகக் கொள்ளப்படும்.

இப்போது என் வகுப்பின் ஐந்து புள்ளிகளையும் வகை குறிப்பிடாமல் எக்ஸ்எம்எல் கோப்பில் இட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். "மிகக் கூடிய புள்ளி எது?" என அதற்குரிய சார்பின் மூலம் கேட்டால் விடை 100. அச்சார்பு வகையற்றவற்றை எண்ணாக மாற்றிக்கொள்ளும். "இறங்குவரிசைப்படுத்தி முதலாவதைத் தருக" எனக் கேட்டால் விடை 98. ஒரே கோப்பு, ஒரே மொழி, இரண்டு விடைகள்! இரண்டுமே மொழியின் விதிப்படி சரியானவை. புள்ளியை எண்ணாக மாற்றிய பின்னர் வரிசைப்படுத்தும்படி சொன்னால் மட்டுமே இரண்டு விடைகளும் ஒன்றாகும்.

இதிலிருந்து பெறும் பாடம் யாதெனில், கணினியை ஊகிக்க விடக்கூடாது. வகையை நாமே சொல்லிவிட வேண்டும்.

5. பொருத்தமான வகையை எவ்வாறு தெரிவுசெய்வது?

பெறுமானம் எப்படித் தோன்றுகின்றது என்று பார்க்காதீர்கள். அதனை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கேளுங்கள். என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் ஒரே கேள்வி இதுதான்: "இதைக் கூட்டினால் அல்லது சராசரி எடுத்தால் ஏதாவது பொருள் உண்டா?" பொருள் உண்டெனில் எண். இல்லையெனில் பெரும்பாலும் சரம்.

தொலைபேசி இலக்கம்: இரண்டு பேரின் தொலைபேசி இலக்கங்களைக் கூட்டி யாருக்கு அழைப்பது? பொருளில்லை. மேலும் இலங்கையில் பத்து இலக்கங்கள் கொண்ட தொலைபேசி எண் பூச்சியத்தில் தொடங்குகின்றது. எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்து ஒன்பது இலக்கமாகிவிடும். ஆகவே சரம்.

சுட்டெண்: 0427 என்பதை எண்ணாக வைத்தால் 427 ஆகிவிடும். ஆகவே சரம்.

தேசிய அடையாள அட்டை இலக்கம்: பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. எழுத்து இருப்பதால் எண்ணாக வைக்கவே முடியாது. 2016 ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் புதிய இலக்கத்தில் எழுத்து இல்லை, பன்னிரண்டும் இலக்கங்கள். அப்படியானால் இப்போது எண்ணாக வைக்கலாமா? கூடாது. முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். நாம் இதனைக் கூட்டுவதில்லை, துண்டு துண்டாகப் பிரித்து வாசிக்கிறோம். அது சரத்துக்குரிய வேலை. அத்துடன் 32 பிட் முழுவெண்ணின் உச்சப் பெறுமானம் 2147483647 என்பதால் பன்னிரண்டு இலக்கங்கள் அதற்குள் அடங்கவும் மாட்டா. பழைய அட்டைகளும் புதிய அட்டைகளும் ஒரே புலத்தில் பதியப்பட வேண்டியிருப்பதும் சரத்தையே வேண்டி நிற்கின்றது.

புள்ளி: கூட்டுவோம், சராசரி எடுப்போம், வரிசைப்படுத்துவோம். ஆகவே எண். அரைப் புள்ளி வழங்கப்படுமாயின் தசமம், இல்லையெனில் முழுவெண்.

விலை, கட்டணம்: சதம் இருப்பதால் தசமம் அல்லது நாணயம்.

வயது: இது ஒரு தந்திர வினா. வயதைச் சேமித்தால் அடுத்த ஆண்டே அது பிழையாகிவிடும். பிறந்த திகதியைத் திகதி வகையில் சேமித்து, வேண்டிய நேரத்தில் வயதைக் கணிக்க வேண்டும்.

6. வகை மாற்றம் பிழைத்தால்

"ஒரு பட்டியல் பிழைத்ததற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என நீங்கள் நினைக்கலாம். 1996 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஏரியன் 5 உந்துகணை, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து தனது முதலாவது பயணத்தை ஆரம்பித்தது. ஏறத்தாழ 40 செக்கன்களில் அது பாதை விலகி வெடித்துச் சிதறியது. அதில் ஆட்கள் இருக்கவில்லை. ஆனால் அது ஏற்றிச் சென்ற நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன.

விசாரணையில் வெளிவந்த காரணம் உங்கள் பாடத்திலுள்ளதுதான். உந்துகணையின் கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு பெறுமானம் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக இருந்தது. அதனை 16 பிட் முழுவெண்ணாக மாற்ற மென்பொருள் முயன்றது. பெறுமானம் 32767 ஐத் தாண்டிவிட்டதால் மாற்றம் தோல்வியடைந்தது. வழிகாட்டும் தொகுதி செயலிழந்தது. அந்த மென்பொருட் பகுதி முந்திய ஏரியன் 4 இற்காக எழுதப்பட்டது. அங்கே வேகம் குறைவாக இருந்ததால் பெறுமானம் எல்லைக்குள் நின்றது. புதிய உந்துகணையோ அதிலும் வேகமானது. 16 பிட் முழுவெண்ணின் வீச்சை நீங்கள் மனனம் செய்யும்போது இதனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

7. பரீட்சையில் மாணவர்கள் விடும் பொதுவான தவறுகள்

(1) இலக்கங்கள் உள்ளன என்பதற்காக எண் வகை என எழுதுதல்.

(2) வகையை மட்டும் எழுதிக் காரணத்தை விடுதல். "கணிதச் செய்கைகளுக்கு உட்படுத்தப்படுவதில்லை, முன்னாலுள்ள பூச்சியம் பேணப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

(3) பணத்துக்கு முழுவெண் எனக் குறிப்பிட்டுச் சதத்தை மறத்தல்.

(4) வகுத்தலில் தடுமாறுதல். பஸ்காலில் "டிவ்" என்பது முழுவெண் வகுத்தல், அதாவது 7 டிவ் 2 இன் விடை 3. சாய்கோட்டால் வகுத்தால் 3.5, அது மெய்யெண். எக்ஸ்குவெரியிலோ "டிவ்" என்பது சாதாரண வகுத்தல், விடை 3.5. முழுவெண் வகுத்தலுக்கு அங்கே "ஐடிவ்" என வேறு பெயர். மொழி மாறினால் செய்கையின் பொருளும் மாறலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். உங்கள் பரீட்சையில் பஸ்காலின் விதியையே பின்பற்றுங்கள்.

8. பயிற்சி வினாக்கள்

விடைகளைப் பார்க்காமல் முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

1. பின்வருவனவற்றுக்குப் பொருத்தமான தரவு வகைகளைக் காரணத்துடன் தருக: (அ) வங்கிக் கணக்கு இலக்கம் (ஆ) பேருந்துக் கட்டணம் (இ) வகுப்பிலுள்ள மாணவர் தொகை (ஈ) நூல் திருப்பிக் கையளிக்கப்பட்டதா என்பது (உ) பரீட்சை நடைபெறும் நாள்.

2. 7, 40, 100, 25 ஆகியன சரங்களாகச் சேமிக்கப்பட்டுள்ளன. ஏறுவரிசையில் எழுதுக.

3. 16 பிட் முழுவெண் மாறி ஒன்றில் 30000 உள்ளது. அதனுடன் 5000 ஐக் கூட்டினால் ஏற்படும் பிரச்சினை யாது?

4. பஸ்காலில் 17 டிவ் 5 இன் விடையும், 17 ஐ 5 ஆல் சாய்கோட்டின் மூலம் வகுத்தால் வரும் விடையும் யாவை? அவை எவ்வகைக்குரியன?

5. வகை குறிப்பிடப்படாத எக்ஸ்எம்எல் கோப்பொன்றில் ஒரு மாணவரின் புள்ளி 9, மற்றவரின் புள்ளி 75. இரண்டையும் எக்ஸ்குவெரி நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிட்டால் பெரியதாகக் கொள்ளப்படுவது எது? ஏன்?

விடைகள்

1. (அ) சரம். கணித்தலுக்குப் பயன்படுவதில்லை, முன்னால் பூச்சியம் வரலாம். (ஆ) தசமம் அல்லது நாணயம். சதம் வரலாம், துல்லியமாகக் கூட்ட வேண்டும். (இ) முழுவெண். பின்னம் வராது. (ஈ) பூலியன். இரண்டு நிலைகள் மாத்திரமே உண்டு. (உ) திகதி. கால வரிசைப்படுத்தலாம், நாள் வித்தியாசம் கணிக்கலாம்.

2. "100", "25", "40", "7".

3. 35000 ஆனது 32767 இலும் கூடியது. எனவே வழிதல் ஏற்படும். வழுச் சோதனை இல்லாவிடின் 35000 - 65536 = -30536 தோன்றும்.

4. 3, முழுவெண். 3.4, மெய்யெண்.

5. 9. வகையற்ற இரண்டு பெறுமானங்கள் சரங்களாக ஒப்பிடப்படும். முதல் வரியுருக்களான 9, 7 ஆகியவற்றில் 9 பெரியது.

மாணவர்களே, அன்று நான் புலத்தின் வகையை மாற்றிப் புதிய பட்டியலை ஒட்ட இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆனால் முதற் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பில்தான் உண்மை தெரிந்தது. அந்த இருவரிடமும் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். நாளை நீங்கள் வங்கியிலோ வைத்தியசாலையிலோ பாடசாலையிலோ தரவுகளைப் பதியும் வேலையில் அமரலாம். நீங்கள் பதியும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். அட்டவணையை வடிவமைக்கும்போது ஒவ்வொரு புலத்திலும் ஒரு கணம் நின்று, "இதை வைத்து என்ன செய்யப்போகிறோம்?" என்று கேளுங்கள். பரீட்சையிலும் அந்தக் கேள்வியே உங்களுக்குப் புள்ளியைப் பெற்றுத் தரும்.